எலியின் ஈரலைக் காத்த இலை உங்களுக்கும் உதவுமா, அண்ணாச்சி?

செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். ஊர், தொழில் விவரங்களைக் கொஞ்சம் மாற்றி, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 46, எடை 82 கிலோ. புளியரை வழியாகப் புனலூர் சந்தைக்குக் காய்கறி லோடு அனுப்புகிறார். வாரத்தில் மூன்று நாள் அவரும் வண்டியில் போகிறார். திரும்பும்போது ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் பரோட்டா, பீஃப், கூடவே ஷாப்பில் ஒன்றரை லிட்டர் கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் ஒரு குவார்ட்டர் பிராந்தி. மூன்றரை மாதத்துக்கு முன் ஸ்கேனில் கிரேடு 2 ஃபேட்டி லிவர், அதாவது கொழுப்பு ஈரல், என்று வந்தது. ஈரல் நொதிகளான எஸ்ஜிபிடி 62, எஸ்ஜிஓடி 54, பிளேட்லெட் 2 லட்சத்து 5 ஆயிரம், மூன்று மாத சர்க்கரை 7.6. டாக்டர் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினும் எழுதிக் கொடுத்தார். பத்துப் பதினைந்து நாளில் இவரே இரண்டையும் நிறுத்திவிட்டார், “இங்கிலீஷ் மருந்து ஈரலைத் தின்றுவிடும்” என்று.

அதற்குப் பதிலாக இப்போது சாப்பிடுவது: காலையில் மோரில் கீழாநெல்லி, இரண்டு வேளை மில்க் திஸில் என்ற ஐரோப்பிய முட்செடியின் கேப்சூல், மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல், மருமகன் ஜிம்மிலிருந்து வாங்கி வந்த கிரீன் டீ மாத்திரை, கொரோனா காலத்திலிருந்து விடாமல் சீந்தில் கஷாயம். எல்லாமே ஆன்டி-ஆக்சிடன்ட் (செல்லை அரிக்கும் மூலக்கூறுகளை அடக்கும் பொருள்), எலிகளுக்குக் கொடுத்து நிரூபித்திருக்கிறார்கள் என்று படித்தாராம். போன வாரம் மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்த்தால் எஸ்ஜிபிடி 148, எஸ்ஜிஓடி 110. மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் 1.1. கேப்சூல் விற்றவர், “கழிவு வெளியேறும்போது அப்படித்தான் ஏறும், டோஸைக் கூட்டுங்கள்” என்கிறாராம்.

அவர் கேட்பது நான்கு விஷயம். டோஸைக் கூட்டலாமா? இவை காவலுக்கு இருக்கும்போது கள்ளைத் தொடரலாமா, அதுவும் மரத்திலிருந்து வருவதுதானே? குளத்துப்புழையில் இருக்கும் மச்சான் ஆரோக்கியப்பச்சை என்ற காட்டு மூலிகையின் பொடி வாங்கித் தருகிறேன் என்கிறாரே, சேர்க்கலாமா? நிறுத்திய மாத்திரைகளை அப்படியே விட்டுவிடலாமா?

அண்ணாச்சி, மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். இதைப் படித்த கையோடு எல்லா பாட்டிலையும் மூடி வையுங்கள். கேப்சூல், மாத்திரை, கஷாயம், கீழாநெல்லி எல்லாவற்றையும் இன்றைக்கே நிறுத்துங்கள். குடியையும்தான்.

அந்த 148 சொல்வது

எஸ்ஜிபிடி என்பது ஈரல் செல்லுக்குள் இருக்கவேண்டிய ஒரு நொதி. செல் அடிபட்டு ஓட்டை விழும்போதுதான் அது ரத்தத்துக்கு வருகிறது. அது ஏறினால் கழிவு போகிறது என்று அர்த்தமே கிடையாது, செல் உடைகிறது என்று அர்த்தம். உங்களுக்கு 62 இருந்தது 148 ஆகியிருக்கிறது. நடுவில் ஸ்டாட்டினை நீங்கள் கிட்டத்தட்ட மூன்று மாதமாகத் தொடவே இல்லை, ஆகவே பழியை அதன்மேல் போட வழியில்லை. புதிதாக உள்ளே போனது கேப்சூலும் மாத்திரையுமாக மூன்று வகையும் கீழாநெல்லியும்தான். செடிச் சத்துகளால் வரும் ஈரல் பாதிப்பு பெரும்பாலும் தொடங்கிய ஒன்று முதல் நான்கு மாதத்துக்குள் தலைகாட்டும். உங்கள் கணக்கு அதற்குள் பொருந்துகிறது.

இதில் நான் அதிகம் சந்தேகப்படுவது கிரீன் டீ மாத்திரையை. டீயாகக் குடித்தால் ஒரு கோப்பையில் இஜிசிஜி என்ற பொருள் சுமார் 50 முதல் 100 மில்லிகிராம் இருக்கும், பிரச்சினை இல்லை. உங்கள் லேபிளில் இரண்டு மாத்திரைக்கு 900 என்று எழுதியிருக்கிறீர்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் பரிசீலித்துச் சொன்னது, மாத்திரையாக நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால் ஈரல் நொதிகள் ஏறுகின்றன என்று. அதையே மருமகனும் சாப்பிடுகிறான் என்றால் அவனையும் நிறுத்தச் சொல்லி ஒரு எஸ்ஜிபிடி பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது மஞ்சள். குழம்பில் போடுகிற மஞ்சள்தூளில் குர்குமின் மூன்று சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். 95 சதவீதம் என்று போட்டிருக்கும் 500 மில்லிகிராம் கேப்சூல் ஒன்று, குர்குமின் கணக்கில் பார்த்தால் சுமார் 15 கிராம் மஞ்சள்தூளுக்குச் சமம். சாதாரணமாகக் குடல் அதில் பெரும்பகுதியை உள்ளே விடாது. அந்தக் கதவைத் திறக்கத்தான் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 1998-ல் பெங்களூர் ஆய்வாளர்கள் செய்த சோதனையில் 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது ரத்தத்துக்குப் போகும் குர்குமின் இருபது மடங்கு ஆனது. கம்பெனிக்காரர்கள் இதைப் பெருமையாகப் போடுகிறார்கள். 2022-ல் அமெரிக்காவில் மஞ்சள் கேப்சூலால் ஈரல் பாதிக்கப்பட்ட பத்துப் பேரைப் பற்றி ஆய்வு வந்தது, அதில் மிளகு சேர்ந்த சரக்கும் இருந்தது. ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்றும் தெரிந்தது. அந்த மரபணு உங்களுக்கு இருக்கிறதா இல்லையா என்று சாப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாமே.

சீந்திலைப் பற்றி நம் நாட்டிலேயே சண்டை நடந்தது. 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 நோயாளிகளைச் சேர்த்து 2022-ல் வெளியான கட்டுரை, கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்டு ஈரல் பாதிக்கப்பட்டதைப் பதிவு செய்தது. ஆயுஷ் அமைச்சகம் ஏற்கவில்லை, அது உண்மையான சீந்தில் இல்லை, அதே சாதியில் வேறு கொடி என்றது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். கடையில் வாங்கும் காய்ந்த தண்டைப் பார்த்து எந்தக் கொடி என்று நீங்கள் சொல்வீர்களா? என்னால் முடியாது.

வேறு காரணமும் இருக்கலாம், அதை மறைக்க விரும்பவில்லை. ஈரலைத் தாக்கும் கிருமிகளான ஹெபடைடிஸ் ஏ, பி, சி, ஈ நான்கையும் பார்த்துவிடவேண்டும். 2024-ல் மலப்புறம், எர்ணாகுளம் மாவட்டங்களில் ஹெபடைடிஸ் ஏ பரவியது நினைவிருக்கும். வாரம் மூன்று நாள் வெளித் தண்ணீர் குடிக்கிறவர் நீங்கள்.

உங்கள் பிலிருபின் 1.1-ல் நிற்பது பெரிய ஆறுதல். மருந்தாலோ மூலிகையாலோ ஈரல் அடிபட்டு, எஸ்ஜிபிடி இயல்பான உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் ஏறி, அதோடு மஞ்சள் காமாலையும் வந்துவிட்டால் ஏறக்குறைய பத்தில் ஒருவரை இழக்கிறோம். மூன்று மடங்கை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். இரண்டாவது வரக்கூடாது. கண் மஞ்சளானாலோ, மூத்திரம் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, சோற்றைக் கண்டாலே குமட்டினாலோ லோடு கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எலிக்கு நடந்தது என்ன

நீங்கள் படித்தது பொய் இல்லை. நிலவேம்பு, கரிசலாங்கண்ணி, கீழாநெல்லி என்று நம் பக்கத்துச் செடி எதை எடுத்தாலும் எலி ஈரலைக் காத்தது என்று ஒரு ஆய்வு இருக்கும். ஆனால் அந்த ஆய்வு எப்படி நடக்கிறது என்று கடை விளம்பரத்தில் போட மாட்டார்கள்.

முதலில் இலையை ஆல்கஹாலில் ஊறவைத்துச் சத்தை இறக்குவார்கள். ஊதா நிறத்தில் டிபிபிஎச் என்று ஒரு ரசாயனக் கரைசல் உண்டு. அதில் இந்தச் சத்தைச் சொட்டினால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு ஆன்டி-ஆக்சிடன்ட். நான் மாணவியாக இருந்தபோது அந்த நிறம் மாறுவதைப் பார்த்து அசந்துதான் போனேன். ஆனால் டீத்தூளைப் போட்டாலும் வெளுக்கும், நெல்லிக்காய்ச் சாற்றைப் போட்டாலும் வெளுக்கும்.

அடுத்து எலி. நல்ல ஆரோக்கியமான எலிக்குப் பல நாள் அந்தச் சத்தைக் கொடுத்துத் தயார் செய்துவிட்டு, கார்பன் டெட்ராகுளோரைடு என்ற விஷத்தையோ அளவுக்கு மீறிய பாரசிட்டமாலையோ ஏற்றுவார்கள். ஈரல் அந்த விஷத்தை உடைக்கும்போது வெறிபிடித்த மூலக்கூறுகள் பிறந்து செல்லின் கொழுப்புச் சுவரை அரிக்கும், ஈரலின் சொந்தக் கையிருப்பான குளுட்டாதயோன் தீர்ந்துபோகும். சத்து முன்கூட்டியே உள்ளே இருந்ததால் அடி குறைகிறது, எஸ்ஜிபிடி குறைவாக ஏறுகிறது. அடி விழுந்தபின் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்த ஆய்வுகள் குறைவு.

உங்களுக்கு ஒரே நாளில் விஷம் ஏறவில்லை. வருஷக்கணக்கில் சர்க்கரையும் தொப்பையும் கள்ளும் சேர்ந்து ஈரலில் கொழுப்பை அடைத்திருக்கின்றன. அது வேறு நோய். ஊற்றிக்கொண்டிருக்கும் குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற வேலையைத்தான் ஆன்டி-ஆக்சிடன்டுக்குக் கொடுக்கிறீர்கள்.

அளவையும் பாருங்கள். எலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் சாதாரணமாகக் கொடுப்பார்கள். அதை மனிதனுக்கு மாற்ற 6.2-ஆல் வகுப்பது வழக்கம். உங்கள் 82 கிலோவுக்கு நாள் ஒன்றுக்கு ஐந்து கிராமுக்கு மேல் வருகிறது, அதுவும் இலை இல்லை, இறக்கிய சத்து. பத்துப் பங்கு காய்ந்த இலைக்கு ஒரு பங்கு சத்து என்று வைத்தால் தினம் ஐம்பது கிராமுக்கு மேல் காய்ந்த இலை வேண்டும். மோரில் ஒரு பிடி அரைத்துக் குடிப்பதற்கும் அந்த ஆய்வுக்கும் சம்பந்தமே இல்லை. அதற்காகக் கூட்டிக் குடிக்கலாம் என்று போனால் இப்போது நீங்கள் நிற்கிற இடத்துக்குத்தான் வரவேண்டும்.

மனிதரில் பார்த்தபோது

கீழாநெல்லிக்கு நம்மூரில் இருக்கும் பேர் பெரும்பாலும் மஞ்சள் காமாலையால் வந்தது. ஹெபடைடிஸ் ஏ வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எதுவுமே கொடுக்காவிட்டாலும் சில வாரத்தில் தானாக இறங்கிவிடும். இறங்கும் நேரத்தில் யார் என்ன கொடுத்தாரோ அவருக்குப் புகழ். ஆனால் நம் சென்னை விஞ்ஞானிகள் அதைச் சும்மா விடவில்லை, முறையாகச் சோதித்தார்கள். 1988-ல் லான்செட் இதழில் வந்தது: ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி சாப்பிட்ட 59 சதவீதத்தினருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது, மருந்தில்லாத வெறும் கேப்சூல் சாப்பிட்டவர்களில் 4 சதவீதம்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் வேறு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. ஆனாலும் உண்மை அதுதான். அதோடு அது கிருமிக்கான சோதனை, உங்கள் கொழுப்பு ஈரலுக்கானது இல்லை.

மில்க் திஸிலுக்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. ஐரோப்பாவில் விஷக் காளான் சாப்பிட்டவர்களுக்கு அதன் சிலிபினின் என்ற சத்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். ஆனால் வாய்வழி மாத்திரையாக, சிகிச்சைக்கு அடங்காத ஹெபடைடிஸ் சி உள்ள 154 பேருக்கு வழக்கத்தைவிட அதிக அளவில் 24 வாரம் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் எஸ்ஜிபிடி வெறும் மாத்திரையைவிட அதிகம் குறையவில்லை, 2012-ல் வெளிவந்தது. நீங்கள் வாங்கியதில் கெடுதல் குறைவாக இருக்கலாம், காசுதான் போகிறது.

ஆன்டி-ஆக்சிடன்ட் எதுவுமே உதவாதா என்றால், வைட்டமின் ஈ ஓரளவு உதவியது. 2010-ல் வந்த ஆய்வில், கொழுப்போடு அழற்சியும் உள்ளவர்களுக்கு நாளுக்கு 800 யூனிட் 96 வாரம் கொடுத்ததில் 43 சதவீதத்தினருக்கு ஈரல் திசு தேறியது. வெறும் மாத்திரையில் 19 சதவீதம். ஆனால் சர்க்கரை உள்ளவர்களை அதில் சேர்க்கவே இல்லை. உங்களுக்கோ சர்க்கரை. வேறொரு பெரிய ஆய்வில் 400 யூனிட் சாப்பிட்ட ஆண்களுக்கு புராஸ்டேட் புற்று 17 சதவீதம் கூடியது. கடையில் போய் நீங்களே வாங்கிவிடாதீர்கள்.

கள் கணக்கு

கள்ளில் ஆல்கஹால் சுமார் ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை லிட்டரில் 59 கிராம் சுத்தமான ஆல்கஹால் வருகிறது. 42.8 சதவீதம் என்று போட்ட ஒரு குவார்ட்டர் பிராந்தியில் 61 கிராம். அதாவது ஒவ்வொரு கேரளப் பயணத்திலும் நீங்கள் ஒரு குவார்ட்டர் அடித்துவிட்டு வருகிறீர்கள், பெயர்தான் கள். மூன்று நாள் கள்ளும் ஞாயிறும் சேர்த்தால் வாரத்துக்கு 235 கிராமைத் தாண்டுகிறது. 2023-ல் உலக நிபுணர்கள் வகுத்த பிரிவின்படி ஆணுக்கு 210 கிராமுக்கு மேல் போனால் அது வெறும் கொழுப்பு ஈரல் இல்லை, குடியும் சேர்ந்த நோய். ஈரலுக்கு ஆல்கஹால் மரத்திலிருந்து வந்ததா டாஸ்மாக்கிலிருந்து வந்ததா என்று தெரியாது. எந்த இலையும் அதற்குக் காவல் நிற்காது, அப்படி உறுதியாகக் காட்டிய ஆய்வு மனிதரில் எனக்குத் தெரிந்து இல்லை.

முழுசாக நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வந்தால் டாக்டரைப் பார்க்கவேண்டும், திரும்பக் குடித்துச் சரிசெய்யக்கூடாது. உடம்பு வலிக்கு பாரசிட்டமால் போடும் பழக்கம் இருந்தால் நாளுக்கு இரண்டு கிராமைத் தாண்டாதீர்கள், குடிக்கிறவர் ஈரலில் அது விஷமாக மாறுவது வேகமாக நடக்கும்.

ஆரோக்கியப்பச்சை

குளத்துப்புழையைத் தாண்டி மடத்தறை வழியாகப் போனால் பாலோடு, அங்கே இருக்கும் தாவரவியல் ஆய்வகத்தார்தான் இந்தச் செடியை உலகுக்குச் சொன்னார்கள். 1987-ல் அகத்திய மலையில் ஆய்வாளர்களோடு கூட வந்த காணிக்காரப் பழங்குடியினர் களைப்பில்லாமல் நடந்துகொண்டே சின்னப் பழங்களைத் தின்றதைக் கவனித்துக் கேட்டது கதையின் தொடக்கம். பின்னால் அதிலிருந்து ஒரு மருந்து செய்து, 1995-ல் கோவைக் கம்பெனிக்கு உரிமம் கொடுத்து, வந்த பணத்தில் பாதியைக் காணி மக்களுக்கு ஒதுக்கினார்கள். மரியாதைக்குரிய விஷயம். பாரசிட்டமால் கொடுத்த எலியின் ஈரலை அது காத்தது என்றும் ஆய்வு உண்டு, மேலே சொன்ன அதே வகை எலி ஆய்வு. ஆனால் மச்சான் கொண்டுவரும் பொடி காட்டிலிருந்து யாரோ பறித்தது, என்ன இலை என்று யாருக்கும் தெரியாது. ஈரல் அடிபட்டிருக்கும் இந்த நேரத்தில் ஒத்தமூலி (ஒற்றை மூலிகை வைத்தியம்) எதுவும் வேண்டாம் என்று மச்சானிடம் என் பேரில் சொல்லிவிடுங்கள்.

இனி செய்யவேண்டியது

இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் போங்கள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள், கள்ளையும் சேர்த்து. திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். எஸ்ஜிபிடி, பிலிருபின், ரத்தம் உறைவதைப் பார்க்கும் ஐஎன்ஆர் மூன்றையும் ஒரு வாரத்தில் ஒரு தடவை, அப்புறம் நான்கு வாரத்தில் ஒரு தடவை பாருங்கள். கேப்சூல்கள்தான் காரணம் என்றால் எண் இறங்கத் தொடங்கும். சர்க்கரை மாத்திரையை அவர் சொல்கிறபடி திரும்பத் தொடங்குங்கள். ஸ்டாட்டின் கொழுப்பு ஈரலைக் கெடுக்காது. உங்களைப் போன்றவர்களுக்கு ஈரலைவிட மாரடைப்புதான் பெரிய எதிரி. எண் இறங்கியபின் அதையும் மறுபடி போடச் சொல்லுவார்.

ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதுதான் உண்மையான கேள்வி. உங்கள் பழைய ரிப்போர்ட்டை வைத்து ஃபிப்-4 கணக்குப் போட்டேன்: வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கி, பிளேட்லெட்டாலும் (ஆயிரக் கணக்கில், உங்களுக்கு 205) எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தாலும் வகுக்கவேண்டும். 1.5 வருகிறது. 1.3-க்குக் கீழே என்றால் நிம்மதி, 2.67-க்கு மேலே என்றால் கவலை, நீங்கள் நடுவில். எண்கள் இறங்கியபின் ஈரல் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் ஒன்று எடுத்துவிடுங்கள். இப்போதே எடுத்தால் வீக்கத்தால் தப்பாகக் கூட்டிக் காட்டும்.

எடையில் ஆறு முதல் எட்டு கிலோ இறங்கினால் ஈரலின் கொழுப்பும் அழற்சியும் கண்கூடாகக் குறையும், இது மனிதரில் நிரூபித்தது. பரோட்டாவை ஒரேயடியாக விடச் சொல்லவில்லை, வாரம் மூன்று நாளை ஒரு நாளாக்குங்கள். சர்க்கரை போடாத கட்டங்காப்பி இரண்டு கோப்பை தாராளமாகக் குடிக்கலாம். காப்பி குடிக்கிறவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவு என்று பல நாட்டு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். சமையலில் மஞ்சள், மிளகு, துவையலுக்குக் கரிசலாங்கண்ணி எல்லாம் வழக்கம்போல் இருக்கட்டும், எண் சரியானபின்.

பாட்டில்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பில்லோடு டாக்டரிடம் காட்டுங்கள். பின்பக்கம் பொடி எழுத்தைப் பாருங்கள்: உணவு உரிமத்தில் விற்கும் சத்து மாத்திரை என்றால் “மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல” என்று போட்டிருக்கவேண்டும் என்பது விதி. அதைப் போட்டுவிட்டு வாயால் ஈரல் மருந்து என்று விற்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள் புகார் கொடுக்கலாம். மருந்துப் பக்கவிளைவைப் பதிவு செய்ய மத்திய அரசின் இலவச எண் 1800-180-3024, டாக்டர்தான் கூப்பிடவேண்டும் என்று இல்லை, நீங்களே கூப்பிடலாம். எந்தத் தேதியில் எதைத் தொடங்கினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.